ஒரு பாகம் எத்தனை மீற்றர்

வேலைக்கால நினைவுகளை அறுபது வயதில் எழுதுவதுதான் வழக்கம். எனக்கு முப்பத்துமூன்று. வேலையை விட்டு ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. சின்னவனுக்கு அடிக்கடி மூச்சு இழுப்பு வருகிறது, மூத்தவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள், இனி வேலைக்குத் திரும்புவேனா என்று தெரியாது. ஆகவே என் உத்தியோகம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுதத் தேவை வந்தது தர்சிகாவால். நான் விட்டுவந்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள்.

போன கிழமை தொலைபேசி எடுத்தாள். குரலில் ஒரு சந்தோசம் இருந்தது. மற்றவர் விட்ட பிழையைக் கண்டுபிடித்தவருக்கு வரும் சந்தோசம். நானும் அதை அனுபவித்திருக்கிறேன்.

"அக்கா, குருநகர்க் கடையிலை மட்டும் கயிறு மாதாமாதம் கூடுது. விக்க விக்கக் கூடுது. என்னெண்டு பார்த்தால், உங்கடை அட்டவணையிலை ஒரு பாகத்துக்கு 1.97 மீற்றர் எண்டு கிடக்கு. 1.83 எண்டெல்லோ வரவேணும்? ஆரோ மாறி அடிச்சுப் போட்டினம். மாத்திவிடட்டோ?"

ஒரு கிழமை பொறு என்றேன். ஏன் என்று கேட்டாள். மடியில் பிள்ளை இருமிக்கொண்டிருந்தான். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்த இலக்கத்தை அடித்தவள் நான். மாறி அடிக்கவில்லை.

எங்கள் நிறுவனத்துக்கு நாலு கடைகள்: யாழ்ப்பாண நகரத்தில் பெரிய கடை, பிறகு சுன்னாகம், வட்டுக்கோட்டை, குருநகர். கயிறு, வலை, மழைக்கு மூடும் தறப்பாள், தண்ணீர் இறைக்கும் குழாய், மருந்து தெளிக்கும் கருவி, ஆணி, கம்பி. தோட்டக்காரருக்கும் கடற்றொழிலாளருக்கும் வேண்டியவை எல்லாம் இருக்கும். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் கணினி படித்தேன், ஒரு வருடம் கொழும்பில் ஒரு அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதிய மென்பொருளைத் திருத்தினேன், கல்யாணம் முடித்து மல்லாகத்துக்கு வந்தேன். மூத்தவள் பிறந்து எட்டாம் மாதம் இந்த வேலை கிடைத்தது. ஆறு மாதம் தகுதிகாண் காலம், அதற்குப் பிறகுதான் நிரந்தரம். நாலு கடையிலும் என்னென்ன சரக்கு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பெரிய கடையில் இருந்தபடியே பார்க்கக்கூடிய ஒரு தரவுத்தளம் செய்யவேண்டும். அதுவரை ஒவ்வொரு கடையிலும் கணக்கு எழுதும் ஒரு கொப்பி இருந்தது. கொப்பி சொல்வதைக் கடைக்காரர் மட்டுமே வாசிக்க முடியும்.

எனக்கு மேலே இருந்தவர் கணேசலிங்கம் சேர். நாலு கடைக்கும் முகாமையாளர். முன்பு அரசாங்கக் களஞ்சியம் ஒன்றில் பொறுப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. பச்சை மையில் எழுதுவார். எழுதிய தாளை நாலாக மடித்து மேசைக் கண்ணாடியின் கீழே வைப்பார். அப்படி வைத்துவிட்டால் அந்த விசயம் முடிந்தது. சாமான் எண்ணும்போது பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு எண்ணுவார். கண்ணால் எண்ணுகிறவர்களை நம்பமாட்டார். நாங்கள் எதைச் சொன்னாலும் முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "நிச்சயமோ?" கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார். வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்று பாதித் தூரத்தில் திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் நான். அந்தக் கேள்விக்கு ஓம் என்று சொல்ல எனக்கு ஒரு நாள் முழுவதும் வேண்டியிருக்கும். இரண்டாம் முறையும் சரிபார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.

என் முதல் வடிவத்தைப் பார்த்து அவர் அந்தக் கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. நான் ஒரே அட்டவணை போட்டிருந்தேன். ஒரு நிரையில் ஒரு பொருள். பக்கத்தில் நகரம், சுன்னாகம், வட்டுக்கோட்டை, குருநகர் என்று கீழ்நோக்கி ஓடும் நாலு நிரல்கள். பார்க்க வடிவாக இருந்தது. சேர் பென்சிலின் பின்பக்கத்தால் கடைசி நிரலுக்கு அப்பால் இருந்த வெறும் இடத்தைத் தொட்டார்.

"நாளைக்குச் சாவகச்சேரியிலை ஒரு கடை திறந்தால்?"

"இன்னொரு நிரல் போடலாம் சேர்."

"வட்டுக்கோட்டையைப் பூட்டினால்?"

அன்று பேருந்தில் வீட்டுக்குப் போகும்போதுதான் விளங்கியது. கடை என்பது ஒரு தலைப்பு அல்ல, அதுவும் ஒரு பொருளைப் போலத் தனி நிரையாக இருக்கவேண்டியது. மூன்று அட்டவணைகள் போட்டேன். முதலாவதில் பொருட்கள்: ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம், ஒரு பெயர், ஒரு அலகு. இரண்டாவதில் கடைகள். மூன்றாவது இரண்டையும் சேர்ப்பது: இந்தக் கடையில் இந்தப் பொருள் இவ்வளவு. ஐந்தாவது கடை திறந்தால் கடை அட்டவணையில் ஒரு நிரை கூடும், வேறு எதையும் தொடத் தேவையில்லை. பிறகு நாலாவதாக ஒன்று சேர்த்தேன். வந்தது, விற்றது, ஒரு கடையிலிருந்து மற்றக் கடைக்குப் போனது என்று ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு நிரை. அதில் எழுதியதை அழிக்க முடியாது. பிழைத்தால் திருத்தி இன்னொரு நிரை எழுதவேண்டும். சேர் இதை இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு நாலாக மடித்தார்.

பெயர்கள் வேறொரு பாடு. ஒரே நீலத் தறப்பாள் நாலு கொப்பியிலும் நாலு பெயரில் இருந்தது. நானே ஒவ்வொரு கடையாகப் போய்ச் சாமானைத் தொட்டுப் பார்த்து ஒரே பெயர் வைத்தேன். சுன்னாகத்தில் கடைக்குப் பக்கத்திலேயே சந்தை. அங்கே நின்ற கடைக்காரர், "தங்கச்சி, அப்பிடியே எதிர்ப்பக்கம் போய் வெங்காயத்துக்கும் ஒவ்வொண்டா இலக்கம் போட்டுவிடுங்கோ" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, பொருள் அட்டவணையை இன்னொரு முறை சரிபார்த்தேன்.

கடைசியாக அலகு. கயிறு இருநூறு மீற்றர் உருளையாக வருகிறது. சுன்னாகத்திலும் வட்டுக்கோட்டையிலும் நகரத்திலும் விற்பனை மேசையில் ஒரு மீற்றர் இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து, அதில் வைத்து அளந்து விற்பார்கள். குருநகரில் கயிறு வாங்குகிறவர்கள் கடலுக்குப் போகிறவர்கள். அவர்கள் மீற்றர் கேட்பதில்லை, பாகம் கேட்பார்கள். இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தால் ஒரு கைநுனியிலிருந்து மற்றக் கைநுனிவரை ஒரு பாகம். கடலின் ஆழத்தையும் அதாலேதான் சொல்வார்கள். நங்கூரக் கயிறு இருபது பாகம், வலைக்கயிறு பத்துப் பாகம் என்று கேட்பார்கள். கடையில் நின்ற மரியதாஸ் அண்ணை கயிற்றின் நுனியைப் பிடித்துக் கையை விரித்து, மடித்து, விரித்துக் கொடுப்பார்.

நான் பாகத்தை மீற்றராக மாற்ற ஒரு இலக்கம் வைக்கவேண்டியிருந்தது. ஒரு பாகம் ஆறடி; ஆறடி 1.83 மீற்றர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்தேன், இணையத்திலும் பார்த்தேன், இரண்டும் ஒன்றையே சொன்னன. விற்பனையைப் பாகத்திலேயே பதிவது, இருப்பைப் பார்க்கும்போது 1.83 ஆல் பெருக்கிக் கழிப்பது என்று எழுதினேன்.

"நிச்சயமோ?" என்றார் சேர்.

"ஓம் சேர்," என்றேன். உடனேயே சொன்னேன். அவரிடம் வேலை செய்த காலத்தில் அந்தக் கேள்விக்கு நான் யோசிக்காமல் பதில் சொன்னது அந்த ஒரு முறைதான். குருநகருக்கு வேறு வேலையாக இரண்டு முறை போயிருந்தேன். ஆனால் இதை அங்கே போய்ப் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை.

மூன்று மாதம் கழித்து முதல் அறிக்கை எடுத்தோம். மூன்று கடையில் இருப்பு ஏறக்குறையச் சரி. குருநகரில் எல்லாம் சரி, கயிறு மட்டும் சரியில்லை. கணினியின்படி ஐந்து உருளைக்கு மேலே இருக்கவேண்டும். கடையில் மூன்று. முதலாளி கொழும்பிலிருந்து தொலைபேசியில் சேரோடு கதைத்தார். சேர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் குடையை எடுத்தார். நான் பின்னாலே போனேன்.

மரியதாஸ் அண்ணையை நான் அன்றுதான் ஆற அமரப் பார்த்தேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம். இளவயதில் கடலுக்குப் போனவர். தோள்மூட்டில் ஏதோ ஆகி, அதன் பிறகு இருபத்திரண்டு வருடமாக அந்தக் கடையில் நின்றார். சேர் பென்சிலால் தொட்டு மூன்று உருளையையும் எண்ணினார், பின்னறைக்குப் போய் அங்கும் எண்ணினார், திரும்பி வந்து முதலிலிருந்து எண்ணினார். மரியதாஸ் அண்ணை கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். சேர் கேட்டவை எல்லாம் மெதுவாகவே கேட்டவை. கடைப் பூட்டின் திறப்பு யார் யாரிடம் இருக்கிறது, எழுதாமல் யாருக்காவது கொடுத்ததா, மற்றக் கடைக்குக் கைமாற்றாகப் போனதா. இல்லை, இல்லை, இல்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, உங்கடை பெட்டி பொய் சொல்லாதெண்டு சொல்லினம். நானும் சொல்லேல்லை. அப்ப ஆர் சொன்னது?"

நான் சேரைப் பார்த்தேன். சேர் உருளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் ஒருவர் கயிறு வாங்க வந்தார். பதினைந்து பாகம் கேட்டார். கடையில் நடக்கிறது தெரியாமல், "நீயே அளந்து தா அண்ணை, உன்ரை கைதான் எங்களுக்கு ராசி" என்றார். மரியதாஸ் அண்ணை கயிற்று நுனியைப் பிடித்து இரண்டு கையையும் விரித்தார். ஒரு கை விற்பனை மேசையின் விளிம்பைத் தாண்டிப் போனது, மறு கை அலுமாரிக் கதவில் முட்டுமாப்போல நின்றது. மடித்து, மறுபடி விரித்தார்.

எனக்கு அப்போதே தெரிந்தது. இந்த இடத்தை நான் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். தெரிந்ததா, சந்தேகம் வந்ததா, சும்மா ஒரு எண்ணம் ஓடியதா என்று. இல்லை, தெரிந்தது. அந்தக் கை ஆறடியல்ல. என் கைப்பையில் அளவுநாடா இருந்தது. பிள்ளைக்குச் சட்டை தைக்கத் துணி எடுக்கவேண்டும் என்று அன்று காலை போட்டது. எடுத்து அளக்க இரண்டு நிமிடம் போதும்.

எடுக்கவில்லை. அடுத்த கிழமை என் தகுதிகாண் காலம் முடிகிறது. யோசிக்காமல் நிச்சயம் என்று சொன்னது நான். வீட்டில் கணவருக்கு அப்போது நிரந்தர வேலை இல்லை. என் நினைப்புப் பிழைத்துவிட்டால், கை நீளத்தால் இரண்டு உருளை குறையுமா, அப்படிச் சொல்லி எல்லாரும் சிரித்தால், என்றெல்லாம் ஓடியது. முதலில் வீட்டில் போய்க் கணக்குப் பார்த்துவிட்டுச் சொல்லுவோம் என்று நினைத்தேன். சேர் என்னைப் பார்த்து, "பிள்ளை, வேறை ஏதும் பார்க்க இருக்கோ?" என்று கேட்டார். இல்லை சேர் என்றேன்.

அடுத்த நாள் முதல் மரியதாஸ் அண்ணையைக் கடைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். நகரத்துக் கடையிலிருந்து செல்வம் என்பவரை அங்கே விட்டு, கணினியில் அவருக்கு மூன்று உருளை என்று புதிதாகக் கணக்குத் தொடங்கினார்கள். குருநகர் சின்ன இடம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முதலே கோயிலடி முழுவதும் தெரிந்துவிட்டது: இருபத்திரண்டு வருடம் நின்றவர் கயிறு எடுத்தாராம்.

வீட்டில் கணக்குப் பார்த்தேன். முதல் நாளே பார்த்தேன். ஒரு பாகம் 1.95 இலிருந்து இரண்டு மீற்றருக்குள் இருந்தால் குறைவு முழுவதும் சரியாக வந்தது. பார்த்துவிட்டுத் தாளைப் பிள்ளையின் தடுப்பூசி அட்டைக்குள் வைத்தேன். நாளைக்குச் சொல்லுவோம், வேலை நிரந்தரம் என்ற உறுதிக்கடிதம் வந்த பிறகு சொல்லுவோம், அளக்காமல் எப்படிச் சொல்வது, அளக்க எப்படி அவர் வீட்டுக்குப் போவது. நாட்கள் இப்படிப் போயின. பிள்ளைக்குச் சோறு ஊட்ட எடுத்த தட்டோடு அடுப்படியிலேயே இருந்துவிட்டேன். காய்ச்சலோ என்று கணவர் கேட்டார். இல்லை என்றேன்.

பத்தாம் நாள் காலை செல்வம் தொலைபேசி எடுத்தார். அவர் கட்டையான மனிதர், பகிடிக்காரர்.

"தங்கச்சி, உங்கடை கணினி கயிறு முடிஞ்சுதாம், விக்க விடமாட்டுதாம். என்ரை கையிலை நாப்பது மீற்றருக்கு மேலை கிடக்கு. இது ஆரின்ரை கயிறு, கோயில் அந்தோனியாரின்ரையோ?"

மூன்று உருளையையும் அவர் தன் கையால் பாகம் பாகமாக அளந்து விற்றிருந்தார். அவருடைய பாகம் சிறியது. அதே கடை, அதே கயிறு, அதே இலக்கம். கை மாறியவுடன் குறைவு கூடுதலாக மாறிவிட்டது. இனிமேல் தெரியாது என்று எனக்கு நானே சொல்லவும் முடியாமல் போய்விட்டது.

அன்று மத்தியானம் குருநகருக்குப் போனேன். வீட்டு முற்றத்தில் மரியதாஸ் அண்ணை ஒரு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். எழும்பவில்லை. அவருடைய மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். கதிரை தரவில்லை. நான் நின்றபடியே சொன்னேன்: இலக்கம் பிழையாக இருக்கலாம், உங்கள் கையை ஒருக்கா அளக்கவேண்டும்.

அவர் வலையைக் கீழே வைத்தார். பிறகு எழும்பிச் சுவரோடு முதுகை வைத்து இரண்டு கையையும் விரித்தார். தோள்மூட்டு வலித்திருக்கவேண்டும், முகம் ஒருமுறை சுருங்கியது. அளவுநாடாவின் இரண்டு நுனியையும் என்னால் பிடிக்க முடியவில்லை. மனைவியைக் கூப்பிட்டார். அவர் வந்து ஒரு நுனியைக் கணவரின் விரலோடு சேர்த்துப் பிடித்தார். நான் மற்ற விரல்வரை இழுத்தேன். 1.97. இரண்டாம் முறை அளந்தேன். 1.97.

"இதுக்கே தங்கச்சி வந்தனீங்கள்?" என்றார். கையைத் தாழ்த்தவில்லை, முடிந்ததா என்று தெரியாமல் விரித்தபடி நின்றார். முடிந்தது அண்ணை என்றேன்.

அடுத்த நாள் சேரின் மேசைக்கு முன்னால் போய் எல்லாம் சொன்னேன். செல்வத்தின் கயிறு, 1.97, கணக்கு. தாளையும் கொடுத்தேன்.

"நிச்சயமோ?"

"ஓம் சேர். அளந்தனான்."

"எப்ப அளந்தனீர்?"

"நேற்று."

கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்ப சந்தேகம் வந்தது?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த அளவுக்குக்கூடத் துணிவு இல்லை.

"கடைக்குப் போன அண்டைக்கு, சேர்."

அன்றுடன் பதினொரு நாள். சேர் விரலில் எண்ணவில்லை, ஆனால் எண்ணினார் என்று தெரிந்தது. என் தாளை எடுத்து 1.97 என்ற இலக்கத்துக்குக் கீழே பச்சை மையால் ஒரு கோடு போட்டார். மடிக்கவில்லை. "போம் பிள்ளை, நான் கதைக்கிறன்" என்றார். அடுத்த நாள் காலை என் மேசையில் உறுதிக்கடிதம் இருந்தது, அவருடைய கையெழுத்தோடு. அந்தப் பதினொரு நாளைப் பற்றி அவர் முதலாளியிடம் சொல்லவில்லை, என்னிடமும் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. ஏசியிருந்தால் நான் இவ்வளவு காலம் அதைச் சுமந்திருக்கமாட்டேனோ என்னவோ.

நான் செய்த திருத்தம் இது. பாகத்துக்கு எத்தனை மீற்றர் என்ற இலக்கத்தைப் பொருள் அட்டவணையிலிருந்து எடுத்து, கடையையும் பொருளையும் சேர்க்கும் அட்டவணையில் வைத்தேன். குருநகர், கயிறு: 1.97. வைத்தவுடன் அந்த மூன்று மாதக் குறைவு முழுவதும் மறைந்துவிட்டது. ஒரு மீற்றரும் களவு போகவில்லை. நிறுவனம் மரியதாஸ் அண்ணைக்குக் கடிதம் அனுப்பிக் கூப்பிட்டது. அவர் வந்தார்.

வந்த அன்றே ஒரு சுத்தியல் கேட்டாராம். விற்பனை மேசையில் ஆறடி இடைவெளியில் தானே இரண்டு ஆணி அடித்தார். அதன் பிறகு கையை விரித்து ஒரு முழத்தைக்கூட அவர் அளக்கவில்லை. நான் ஒரு நாள் அங்கே நின்றபோது, வழக்கமாக வருகிற ஒருவர் ஆணிக்கு ஆணி கயிறு இழுபடுவதைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணை, உன்ரை கை கட்டையாப் போச்சோ?" என்றார்.

"ஓம், கட்டையாக்கிப் போட்டினம்," என்றார் மரியதாஸ் அண்ணை. கயிற்றை வெட்டினார்.

அவர் ஆறடிப்படி கொடுக்க, கணினி 1.97 படி கழித்தது. அடுத்த மாதமே கயிறு கூடியது. இந்த முறை நான் நாள் கடத்தவில்லை. உடனே சேரிடம் போய்ச் சொன்னேன், இலக்கத்தை 1.83 ஆக மாற்றவேண்டும் என்று. ஆனால் மாற்றினால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லவேண்டியிருந்தது. என் அட்டவணையில் அந்த இலக்கத்துக்கு ஒரே ஒரு கட்டம்தான். அதை மாற்றினால் பழைய விற்பனையும் சேர்ந்து மாறும். அந்த மூன்று மாதமும் திரும்பக் குறைவாகக் காட்டும். அறிக்கையை யார் திறந்தாலும், மரியதாஸ் அண்ணை நின்ற காலத்தில் இரண்டு உருளை இல்லை என்று இருக்கும்.

சேர் நான் கொண்டுபோன தாளைத் தன் பக்கம் இழுத்தார். "கூடுறதை வருடக் கடைசியிலை எண்ணித் திருத்துவம்," என்றார். "குறைஞ்சதெண்டு மட்டும் திரும்ப வரக்கூடாது." அந்தத் தாளை அவர் நாலாக மடித்துக் கண்ணாடியின் கீழே வைத்தார்.

மரியதாஸ் அண்ணையிடமும் சொன்னேன், கயிறு இப்போது கூடுகிறது, பயப்படவேண்டாம் என்று. பில் கொப்பியிலிருந்து நிமிராமல் பதில் சொன்னார்.

"கூடட்டும் தங்கச்சி. கூடினால் ஆர் எண்டு ஒருத்தரும் கேக்க வரமாட்டினம்."

ஒன்றரை வருடம் நின்றார். பிறகு மகளோடு மன்னாருக்குப் போய்விட்டார். சேரும் அடுத்த வருடம் விலகினார். அவருக்குப் பிறகு வந்தவர்கள் கூடுதலை வருடக் கடைசியில் திருத்தினார்கள், காரணம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பதினொரு நாளைப் பற்றி மரியதாஸ் அண்ணையிடம் ஒருநாளும் சொல்லவில்லை. நான் வந்து அளந்ததால்தான் தன் பெயர் மீண்டது என்று அவர் நினைத்திருந்தார். கடையை விட்டுப் போகும்போது என் பிள்ளைக்கு என்று ஒரு பெட்டி பனங்கட்டி கொடுத்துவிட்டார். வாங்கினேன்.

வேலையை விட்டு வீட்டில் இருக்கும்போதுதான் சரியான வடிவம் தெரிந்தது. மூத்தவளின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டுக் குறித்து வருகிறோம். புதுக் கோடு போட்டாலும் பழையது இருக்கும், பக்கத்தில் தேதி இருக்கும். அந்த இலக்கத்துக்கும் அப்படித்தான் செய்திருக்கவேண்டும். தனி அட்டவணை, எந்தக் கடை, எந்தப் பொருள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எவ்வளவு, என்ன காரணம். பழைய விற்பனைக்குப் பழைய இலக்கம், புதிய விற்பனைக்குப் புதியது. கடினமான விசயம் ஒன்றும் இல்லை. முதல் வருடம் படிக்கிற பிள்ளைகளுக்கே தெரியும்.

நேற்றுத் தர்சிகாவை அழைத்து, அந்தப் பதினொரு நாளைத் தவிர எல்லாம் சொன்னேன். மாற்று, ஆனால் பழையதன் மேல் எழுதாதே என்றேன். எந்தத் தேதியில் ஆணி அடித்தார் என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை, மரியதாஸ் அண்ணையையே கேட்டுப் பார், அவருடைய மன்னார்த் தொலைபேசி இலக்கம் குருநகர்க் கடையில் இருக்கும் என்றேன்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாதே? அவர் மோசம் போயிட்டாரெல்லே. போன மார்கழியிலை. செத்தவீட்டுக்குக் கடையிலை வெள்ளைக்கொடி கட்டினவை."

சின்னவன் நித்திரையாக இருந்தான். அவனுடைய மூச்சு இழுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அவள் நான் வைத்துவிட்டேன் என்று நினைத்து இரண்டு முறை அக்கா, அக்கா என்றாள்.

பிறகு வேலையைப் பற்றிக் கதைத்தோம். அவரைத் திரும்பக் கூப்பிட்ட கடிதத்தின் தேதி கோப்பில் இருக்கும், அதையே வைக்கலாம் என்று முடிவெடுத்தோம். அவள் கெட்டிக்காரி. நான் சொல்லச் சொல்லவே அட்டவணையைப் போட்டுவிட்டாள். முதல் நிரையில் காரணம் என்ற இடத்துக்கு வந்து என்ன எழுத என்று கேட்டாள். எழுதச் சொன்னேன்: மரியதாஸ் அவர்களின் பாகம், நேரில் அளந்தது.

"அளந்த தேதியும் போடட்டோ?"

"போடு. சந்தேகம் வந்த தேதிக்கும் ஒரு நிரல் வை."

தர்சிகா சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.